அவனுக்கு எங்க சார் காது

பட்டறைக்காரர் சுத்தியலால் இரும்பில் இரண்டு தட்டு தட்டினார். பெரியவன் திரும்பவில்லை. மறுபடியும் தட்டினார், இந்த முறை கொஞ்சம் கோபத்தோடு. அவன் பைப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற தண்ணீர் வண்டியைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

அந்தப் பட்டறையில் ஒருவரை ஒருவர் வாயால் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. கிரைண்டர் ஓட ஆரம்பித்தால், தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்கு வாய் அசைவதுதான் தெரியும். அதனால் எல்லாமே சுத்தியல் பாஷை. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் இங்கே பார். விடாமல் தடதடவென்று தட்டினால் டீ வந்துவிட்டது, ஆறுவதற்குள் வா. என்ன சத்தம் இருந்தாலும் இரும்பின் ஓசை அதற்கு அடியில் புகுந்து வந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற வயதில் பெரியவன் பின்கட்டில் உட்கார்ந்து பாடம் எழுதுவான். எழுதிக்கொண்டே, அப்பா இப்போது தட்டியது ஆங்கிளிலா பைப்பிலா தகட்டிலா என்று சொல்லிவிடுவான். ஒருநாளும் தப்பியதில்லை. அப்படிப்பட்ட காது அது.

"விடுங்கப்பா, நான் போறேன்" என்று சின்னவள் முகக் கவசத்தை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுப் போய், அண்ணனின் தோளைத் தொட்டாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். பைப் நழுவிக் கல்லில் விழுந்து உருண்டது.

"சொல்லிட்டுத் தொட மாட்டியா?"

"சொன்னாத்தான் கேக்கலையே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு மூன்று பேருமே ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பட்டறைக்காரர் ரசமட்டத்தை எடுத்து, ஏற்கெனவே சரிபார்த்த சட்டத்தை இன்னொரு தடவை சரிபார்த்தார்.

காலையிலிருந்து மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்தது. புழுதிக் காற்று பட்டறைக்குள் வந்து தகர அட்டைகளைப் படபடக்க வைத்துவிட்டுப் போயிற்று. மழை வந்தால் வெல்டிங்கை நிறுத்தவேண்டும். ஈரத்தில் கரண்ட் விளையாட்டுக் காட்டிவிடும். வராவிட்டாலோ இந்தப் புழுக்கம். எதுவும் ஒரு முடிவுக்கு வராத நாளாக இருந்தது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு வளைவு. லாரி நுழையும் உயரம், மேலே வில் மாதிரி வளைந்த இரட்டைக் குழாய். அதன் உச்சியில் 'படையில் சேர வாருங்கள்' என்று பலகை மாட்டப்போகிறார்கள். வருகிற ஆள்சேர்ப்பு முகாமுக்கு மைதான வாசலில் நிறுத்த வேண்டியது. பெரியவன் போன தடவை முகாமில், மூங்கில் கட்டி நின்ற ஒரு வளைவுக்குக் கீழே நடந்து போய்த்தான் சேர்ந்தான். இப்போது அடுத்தவர்கள் நடந்துபோக அவனே இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பட்டறைக்காரரைப் பற்றி இங்கே சொல்லிவிடவேண்டும். தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குக் கதவும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. கேட்டை டேப் வைத்து அளப்பார், பேச்சை டேப் இல்லாமல் அளப்பார் என்று தெருவில் சொல்வார்கள். அவர் செய்த ஜன்னல் கம்பியை யானை வந்தாலும் வளைக்க முடியாது. அவர் வீட்டுக்காரி சமைத்தால் பக்கத்து ஊருக்கு வாசனை போகும். பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தாலோ, கேட்பவர்கள் ஒரு டீயைக் குடித்து முடித்து இன்னொன்று சொல்லவேண்டிவரும். யாருக்கும் கெடுதல் இல்லாத அளப்பு. பெருமை பொறுக்க முடியாமல் வழிகிறது, அவ்வளவுதான்.

அந்த வாய்தான் வினையாயிற்று.

போன வருஷம் ஆள்சேர்ப்பு ஆபீசர் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து டீ குடித்தார். எப்போதும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே இருப்பதால் தெருவில் அவருக்குச் சிரிப்பு ஆபீசர் என்று பேர். சேருகிற அன்றைக்கே போனஸில் பாதி, பயிற்சி முடிந்ததும் மீதிப் பாதி, அடிபட்டால் வைத்தியம் படையின் பொறுப்பு, வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதி என்று சொன்னார். முதல் பாதி வந்தது. அதைக் கொண்டுதான் குழாய் வளைக்கிற பெண்டிங் மிஷின் வாங்கினார்கள். அதுவரைக்கும் குழாயை மணல் அடைத்து, நெருப்பில் காட்டி, முழங்காலை வைத்து வளைத்துக்கொண்டிருந்தவர் பட்டறைக்காரர். மிஷின் வந்த அன்று தெருவே வந்து பார்த்தது.

காகிதம் எழுதுகிற அன்று சிரிப்பு ஆபீசர் கண், பல், காது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பட்டறைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"காதா? அவனுக்கு எங்க சார் காது? கிரைண்டருக்குப் பக்கத்துலயே போட்டு வளத்த பையன். பீரங்கியக் காதுக்குள்ள வெச்சு வெடிச்சாலும் திரும்பிப் பாக்க மாட்டான்!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு ஆபீசர்தான் அதிகமாகச் சிரித்தார்.

பயிற்சியில் பீரங்கி வெடித்தது. காதில் அடைத்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சு முன்வரிசையோடு தீர்ந்துபோயிற்று. பெரியவனுக்கு வலது காதில் ரத்தம் வந்தது. சொட்டு மருந்து விட்டு, மறுநாளே அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கூடாரம் ஒழுகியதும், ஈர உடுப்பிலேயே படுத்ததும், காது சீழ் பிடித்ததும் அவன் வாயால் சொன்னதில்லை. காய்ச்சலில் பிதற்றியபோது அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடைசியில் இவன் தேற மாட்டான் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிப் பாதி வரவில்லை. முதல் பாதியைத் திருப்பிக் கட்டு என்று ஆள் வந்தது.

விசாரணைக்கு அப்பாவும் மகனும்தான் போனார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "காது முன்னாடியே மந்தம்னு பெத்த தகப்பனே சொல்லியிருக்கீங்க. தெரிஞ்சே சேத்திருக்கீங்க. எங்க தப்பு இதுல என்ன இருக்கு?"

பட்டறைக்காரர் அந்த அறையில் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "கேஸ் நிக்காதாம்" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று வீட்டுக்காரி கேட்டதற்கு, "அவங்க சட்டம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மகனின் வலது காதுதான் மேஜைப் பக்கம் இருந்தது, அவனுக்குக் கேட்டிருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு எந்த வேலையிலும் கை நிற்பதில்லை. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே சுத்தியலைத் தேடினார்.

பெரியவன் பைப்பை நழுவவிட்ட அன்று மத்தியானம் சிரிப்பு ஆபீசர் வளைவைப் பார்க்க வந்தார்.

"பிரமாதம்! எப்பேர்ப்பட்ட வேலை! என்னங்க, முகமே சரியில்லையே?"

"காத்துப் புழுக்கமா இருக்கு சார்."

"தம்பி விஷயம் எனக்கும் வருத்தம்தாங்க. என் கையில என்ன இருக்கு? மேல இருக்கறவங்க முடிவு." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆனா ஒரு வழி இருக்கு. அதச் சொல்லத்தான் நேர்ல வந்தேன்."

சின்னவள் ஓட்டப்போன கிரைண்டரைக் கீழே வைத்தாள்.

"ஒரே வீட்டுலேருந்து ரெண்டாவது ஆள் சேர்ந்தா, முதல் ஆளோட பாக்கியத் தள்ளிடுவாங்க. இப்பப் பொண்ணுங்களையும் எடுக்கறோம். வெல்டிங் தெரிஞ்ச பொண்ணு, பட்டறைப் பிரிவுல போட்டுடலாம். பீரங்கிப் பக்கமே போக வேண்டாம். போனஸும் தனி."

"பாதி இப்ப, பாதி அப்புறமா?" என்றாள் சின்னவள்.

"கெட்டிக்காரப் பொண்ணு!" என்று அவர் சிரித்தார். "முகாம் அன்னிக்கு அப்பா மைக்குல ரெண்டு வார்த்தை பேசணும். ரெண்டு பிள்ளைங்களையும் அனுப்பின வீடுன்னா, வந்திருக்கற பசங்களுக்கு ஒரு தைரியம் வரும் பாருங்க. உங்க வாய்க்கு யாரு ஈடு?"

பட்டறைக்காரர் மறுத்துப் பேச வாயெடுத்தார். மிஷின் எதிரே நின்றது. ஒரு குழாயை எடுத்து அதில் கொடுத்தார்.

சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டுகளைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தார்கள். அவித்த முட்டை இருந்தது. யாரும் முதலில் எடுக்கவில்லை.

"நான் போறேன்" என்றாள் சின்னவள்.

"எங்க?" என்றாள் அம்மா, தெரிந்துகொண்டே.

"எங்கன்னு உனக்குத் தெரியும்மா. அண்ணன் பாக்கி போயிடும், மிஷின் நிக்கும். பட்டறைப் பிரிவுதானே, இங்க செய்யற வேலையத்தான் அங்க செய்யப் போறேன்."

"அண்ணனுக்கும் இப்படித்தான் ஆயிரம் சொன்னாங்க."

"அப்ப வேற வழி சொல்லு. இருந்தா நான் ஏன் போறேன்? சொல்லு!"

"வழி தெரியலன்னா பிள்ளையக் கொண்டுபோய்க் குடுக்கறதா? ஒண்ணு குடுத்தாச்சு, பத்தலையா?" அம்மா கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ஊரெல்லாம் பேசுவீங்களே. இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போகாதன்னு."

பட்டறைக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பு ஊற்றாமலே பிசைந்துகொண்டிருக்கிறார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

"நான் என்னத்தச் சொல்றது?" என்றார். "நான் சொல்லித்தான்..."

"நீங்க சொல்லித்தான் என்ன?"

பெரியவன் இடது காதை இந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்தான். "விடும்மா. அப்பாவக் கேக்காத."

"அவர் என்ன சொல்ல வந்தாருன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"விசாரணையில எனக்குக் கேட்டுச்சும்மா. பக்கத்துல பேசினா இந்தக் காதுல கேக்கும்." அவன் அப்பாவைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னான். "அப்பா வேடிக்கையா ஒண்ணு சொன்னாரு. அத அவங்க வேடிக்கையா எடுத்துக்கல. அவ்வளவுதான்."

அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. காகிதம் எழுதிய அன்று கதவோரம் நின்று அந்தப் பேச்சைக் கேட்டு அவளும் சிரித்தவள்தான். முட்டையை எடுத்து நான்காக வெட்டி ஒவ்வொரு தட்டிலும் வைத்தாள். அவர் தட்டில் வைக்கும்போது மட்டும் சத்தம் கேட்கிற மாதிரி வைத்தாள்.

பட்டறைக்காரர் எழுந்துபோய்க் கை கழுவினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மகன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இத்தனை நாளும் தெரிந்துகொண்டே தன் எதிரில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அப்போதே சின்னவளிடம் போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. பிள்ளைகளைப் பற்றி இனி ஒரு வார்த்தை சொன்னாலும் அது எங்கே போய் எப்படி விடியும் என்று யாருக்குத் தெரியும்?

முகாம் அன்று விடிந்ததும் வளைவை மைதான வாசலில் நிறுத்தினார்கள். குழி தோண்டி, கால்களை இறக்கி, கல் போட்டு இறுக்கி, பெரியவனும் அப்பாவும் இரு பக்கமும் பிடித்தார்கள். சின்னவள் நல்ல உடுப்புப் போட்டு, தலையை இழுத்துக் கட்டி, கொஞ்சம் தள்ளி வரிசையில் நின்றாள். வெயில் ஏறாமல் வானம் மூட்டமாகவே இருந்தது. பையன்கள் கும்பல் கும்பலாக வளைவுக்குக் கீழே நுழைந்தார்கள். சிலர் உச்சி எட்டுமா என்று எம்பி எம்பிப் பார்த்தார்கள். ஒருவன் பட்டறைக்காரரிடம் வந்து, "அண்ணே, போனஸ் கையிலயே குடுத்துடறாங்களா?" என்று கேட்டான். அவர் பதில் சொல்வதற்குள் கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

மேடையில் தலைநகரிலிருந்து வந்த பெரிய ஆபீசர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பரிசோதனை செய்கிற பெண் டாக்டர், அவருக்குப் பக்கத்தில் எழுதுகிறவர். சிரிப்பு ஆபீசர் மைக்கைப் பிடித்தார்.

"முதல் பிள்ளையைத் தந்த வீடு, இன்று இரண்டாவது பிள்ளையையும் தருகிறது! இந்த வளைவைச் செய்தவரும் இவர்தான். மகளைப் பற்றி அவர் வாயாலேயே கேட்போம்!"

கை தட்டினார்கள். பட்டறைக்காரர் மேடையேறினார். மைக்கைக் கையில் வாங்கியதும் பழக்கதோஷம், மார்பு தானாக நிமிர்ந்தது. கீழே வரிசையின் முன்னால் மகள். அவள் கையில் வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள் அங்கிருந்தே தெரிந்தன. அவள் போடுகிற வெல்டிங் அரிசி அடுக்கின மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ராடு பிடிப்பாள். பாரம் தூக்கினால் இரண்டு ஆள் தூக்குவதை ஒருத்தியாகத் தூக்குவாள். எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"எம் பொண்ணுங்க சார்" என்றார். "இவளுக்குக் கண்ணு தெரியாது."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு ஆபீசரும் சிரித்தார்.

"வெல்டிங் வெளிச்சம் பாத்துப் பாத்துப் போன கண்ணு. பகல்லயே தடவித்தான் நடப்பா. வேலையும் தெரியாது. இவ ஒட்டுன கேட்டு ஆடு முட்டினாப் பிரிஞ்சிடும். நான் பின்னால போய்த் திருட்டுத்தனமா மறுபடியும் ஒட்டிட்டு வருவேன். முட்டியில வலு கிடையாது, தண்ணிக் குடம் தூக்கினா ரெண்டு நாள் படுத்துக்குவா. கோவம் வந்தா கையில இருக்கற சுத்திய எறிவா. துப்பாக்கியக் குடுத்தீங்கன்னா யாரச் சுடுவான்னு நான் பொறுப்பெடுத்துக்க முடியாது."

சிரிப்பு அடங்கிக்கொண்டு வந்தது. அவர் குரலில் வேடிக்கை இல்லை என்று முன்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சின்னவள் முகம் சிவந்துபோய் நின்றாள். பிறந்ததிலிருந்து அவளைப் பற்றி அப்பா வாயில் ஒரு குறைச்சொல் வந்ததில்லை.

"காதா?" என்றார் பட்டறைக்காரர். "இவளுக்கும் எங்க சார் காது? ரெண்டையும் கிரைண்டர் பக்கத்துலதான் வளத்தேன்." எழுதுகிறவர் பக்கம் திரும்பினார். "என்ன சார் சும்மா இருக்கீங்க? எழுதுங்க. பெத்த தகப்பன் சொல்றேன். எழுதிக்கோங்க."

"விளையாடறார் சார்" என்றார் சிரிப்பு ஆபீசர், பெரிய ஆபீசரைப் பார்த்து. முதல் தடவையாக அவர் பல் தெரியவில்லை. "இவரோட சுபாவமே இப்படித்தான். எல்லாத்தையும் கூட்டிச் சொல்லுவார்."

"அப்படிங்களா?" என்றார் பட்டறைக்காரர். மைக் அவர் மூச்சையும் சேர்த்துப் பேசியது. "இது விளையாட்டுன்னா, எம் பையனப் பத்தி அன்னிக்குச் சொன்னதும் விளையாட்டுதான். அது நெசம்னா இதுவும் நெசம். ஒரே வாய்தானே சார்? எதுன்னு நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

மைதானத்தில் அவ்வளவு பேர் இருந்தும் பலகை காற்றில் ஆடுகிற சத்தம் கேட்டது. பின்னால் வளைவின் காலைப் பிடித்து நின்ற பெரியவன், பக்கத்தில் இருந்தவரிடம், "அப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டான். அவர் இடது காதுப் பக்கம் குனிந்து, "உன்னப் பத்தித்தான்" என்றார்.

பெரிய ஆபீசர் சிரிப்பு ஆபீசரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பிறகு, "இந்தப் பொண்ண இப்போதைக்கு நிறுத்தி வைங்க" என்றார். பையன் விஷயத்தையும் மறுபடி எழுதிக் கொடுக்கச் சொன்னார், பார்க்கிறோம் என்றார். பார்க்கிறோம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டுக்கு நன்றாகவே தெரியும். வரிசையிலிருந்து சில பையன்கள் கழன்றுகொண்டார்கள். மற்றவர்கள் நின்றார்கள். போனஸ் கையிலேயே கொடுப்பார்களா என்று கேட்டவன் நின்றவர்களில் இருந்தான்.

சின்னவள் அப்பாவோடு பேசவில்லை. பட்டறைக்கு வந்தாள், வேலை செய்தாள், தேவையானால் இரும்பில் தட்டினாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தெருவில் பையன்கள் அவளைப் பார்த்து, "அக்கா, தடவி நடங்க" என்று கேலி செய்தார்கள். அவர் காதிலும் விழுந்தது. கேட்டுக்கொண்டார்.

கட்டவேண்டியதைக் கட்ட மிஷினை விற்பது என்று ஆயிற்று. ரயில்பாதைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறவர் பார்க்க வந்தார். லீவரை அசைத்துப் பார்த்தார், உருளைகளைத் தடவினார், குனிந்து அடியில் பார்த்தார்.

"மிஷின் எப்படிங்க? நல்லா ஓடுதா?"

பழைய பட்டறைக்காரராக இருந்தால் இந்த ஒரு கேள்விக்கு வந்தவர் இரண்டு டீ குடித்திருக்கவேண்டும். இப்போது அவர் கைத்துண்டை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தார்.

"ஏதோ ஓடுது" என்றார். "சுமாரான மிஷின்தான்."

வந்தவர் முகம் மாறியது. விலையைக் குறைத்துக் கேட்கத் தோதாக உதட்டைப் பிதுக்கினார்.

மிஷினின் மேல் சுத்தியல் ஒரு தட்டு விழுந்தது. ஒரு தட்டு என்றால் நிறுத்து. பட்டறைக்காரர் நிறுத்தினார். மிஷினில் கை வைத்து நின்றிருந்த பெரியவனுக்கும் அது கை வழியாக வந்திருக்கவேண்டும், திரும்பிப் பார்த்தான்.

சின்னவள் முகக் கவசத்தை நெற்றிக்கு மேலே தள்ளினாள்.

"எங்கப்பாகிட்ட எதையும் கேக்காதீங்கண்ணே" என்றாள். "அவருக்கு எது ரொம்பப் பிடிக்குமோ, அதத்தான் மட்டமாச் சொல்லுவாரு. மிஷினப் பத்தி என்கிட்ட கேளுங்க. யானைய உள்ள விட்டா வளையலா வெளிய வரும்."

வந்தவர் சிரித்துவிட்டார். பெரியவன் நல்ல காதைத் திருப்பி, என்ன என்று கேட்டான். அவள் அவன் பக்கமாகப் போய், முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள்.

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று பட்டறைக்காரர் தெருவில் இறங்கினார். டீக்கடை எதிரிலேயே இருந்தது. அவர் கைத்துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு வேறு பக்கம் வேகமாக நடந்துபோனார்.